யோஹனான் எப்படி ஜான் ஆனான்?

இவான், ஜான், ஹான்ஸ், ஹுவான், ஷான் எல்லாம் ஒரே பெயர் என்கிறார்களே, எப்படி என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஒரே பெயர்தான். மூலம் எபிரேய யோஹனான்; 'யாவே அருள்புரிந்தார்' என்று பொருள் (யாவே என்பது எபிரேயர் கடவுளின் பெயர்). கிரேக்கத்தில் யோஆன்னேஸ், லத்தீனில் யோஹன்னஸ். ரஷ்ய இவான் கிரேக்க வழி. மற்ற நான்கும் லத்தீன் வழி.

சுவாரசியமெல்லாம் அந்த முதல் 'ய'வில் இருக்கிறது. மெல்லச் சொல்லிப் பாருங்கள். நடுநாக்கு மேலண்ணத்தை நோக்கி எழும், ஆனால் தொடாது. இன்னும் ஒரு நூலளவு உயர்த்தி அழுத்துங்கள்: இடைவெளி அடைபட்டு, விடுபடும்போது காற்று உரசிக்கொண்டு வரும். அதுதான் 'ஜ'. வடக்கே யமுனா ஜமுனாவானதும், யோகி ஜோகியானதும் இதே நாக்கசைவில்தான். பிற்கால லத்தீனிலும் இதுவே நடந்தது: இத்தாலியில் ஜொவான்னி, பிரான்சில் ஜெஹான்.

1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த காலத்தில் பிரெஞ்சில் இந்த 'ஜ' முழுசாக இருந்தது. ஆங்கிலம் அதை அப்படியே வைத்துக்கொண்டது. பிரெஞ்சிலோ 13ஆம் நூற்றாண்டுவாக்கில் நாக்கு அண்ணத்தைத் தொடுவதை விட்டுவிட்டது. உரசல் மட்டும் மிச்சம். 'ஷ' சொல்லிக்கொண்டே தொண்டையை அதிரவிட்டால் அந்த ஒலி கிடைக்கும். ஆக, பழைய பிரெஞ்சு உச்சரிப்பைக் கேட்க வேண்டுமானால் ஆங்கில ஜானைத்தான் கேட்க வேண்டும்! ஸ்பெயினில் உரசும் இடம் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் தொண்டைப் பக்கம் பின்வாங்கியது, பிறந்தது ஹுவான். அயர்லாந்துக்கும் நார்மானியர் போனார்கள்; ஐரிஷில் 'ஜ' இல்லை, 'ஷ' உண்டு, எனவே ஷான். ஜெர்மனில் 'ய' மாறவில்லை. அழுத்தம் நடு அசையில் விழுந்ததால் முன்னசை உதிர்ந்து ஹன்னஸ், ஹான்ஸ்.

காதை மட்டும் நம்பக்கூடாது. ஜோனத்தன் வேறு பெயர், 'யாவே கொடுத்தார்' என்று பொருள். வேறு ஏதோ பெயருக்கு உறவு போலத் தெரியும் ஜாக், ஜான்கின் என்ற செல்லப்பெயர் வழியாக ஜானிலிருந்தே வந்தது.

பெயரில் ஓர் ஆங்கில எழுத்தைக் கூட்டினால் யோகம் என்று எண்கணிதக்காரர்கள் காசு வாங்குவதைப் பார்த்தால் மனம் வேகிறது. 'ஐ'யும் (I) 'ஜே'யும் (J) ஒரே எழுத்தின் இரு வடிவங்களாகவே நெடுங்காலம் இருந்தன. அவற்றைத் தனித்தனி ஒலிகளுக்கென 1524இல் பிரித்துக் காட்டியவர் த்ரிஸ்ஸினோ என்ற இத்தாலியர். ஐரோப்பாவின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கும் ஒருவரின் கல்யாணத்துக்கும் என்ன தொடர்பு?

தமிழுக்கு இந்தப் பெயர் ஒலியாக மட்டும் வரவில்லை. லிஸ்பனில் 1647இல் பிறந்து மறவ நாட்டில் பணியாற்றி, 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட இயேசு சபைத் துறவி ஜான் தெ பிரித்தோவை மக்கள் அருளானந்தர் என்றே அழைத்தார்கள். 'யாவே அருள்புரிந்தார்' என்பதில் உள்ள அந்த அருள்தான் அது.