ஸ்மார்ட் சிட்டி: ஊர் முழுவதற்கும் அல்ல

"எங்கள் ஊர் ஸ்மார்ட் சிட்டிதானே? எங்கள் தெருச் சாக்கடை மட்டும் ஏன் இன்னும் திறந்து கிடக்கிறது?" நியாயமான கேள்விதான். பதில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது.

மத்திய அரசு இத்திட்டத்தை 2015 ஜூன் 25 அன்று தொடங்கியது. போட்டி வைத்து, 2016 முதல் 2018 வரை 100 நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. சென்னை, கோவை, மதுரை உட்பட தமிழகத்தில் 11. 'சீர்மிகு நகரம்' என்று பெயர்ப்பலகை வைத்தோம். ஆனால் ஸ்மார்ட் சிட்டி என்றால் என்ன என்பதற்கு எல்லோரும் ஏற்ற வரையறை எதுவும் கிடையாது என்று திட்ட வழிகாட்டியே சொல்லிவிட்டது.

பணத்தின் பெரும்பகுதி நகரத்தின் ஒரு துண்டுக்கே போனது. பழைய பகுதியைச் சீரமைப்பதென்றால் அந்தத் துண்டு 500 ஏக்கருக்கு மேல், இடித்துக் கட்டுவதென்றால் 50 ஏக்கருக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. ஊர் முழுவதற்கும் வந்தது பெரும்பாலும் கேமராக்களும் கட்டுப்பாட்டு அறையும்தான். உங்கள் தெரு அந்தத் துண்டுக்கு வெளியே இருந்தால் சாக்கடைக்கு வேறு திட்டத்தில்தான் வழி தேட வேண்டும்.

சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜாரைப் பாருங்கள். 2019 நவம்பரில் திறக்கப்பட்ட அகன்ற நடைபாதையில் குழந்தையைக் கைபிடித்து நிம்மதியாக நடக்கலாம். முன்பு அது கனவு. அதே தியாகராய நகரில்தான் 2021 நவம்பர் மழையில் தெருக்களில் தண்ணீர் தேங்கி நின்றது. கண்ணுக்குத் தெரியும் வேலைக்கும் மண்ணுக்கடியில் செய்ய வேண்டிய வேலைக்கும் உள்ள இடைவெளி அது.

பணக் கணக்கு எளிது. ஐந்து ஆண்டுகளில் மத்திய அரசு 48,000 கோடி ரூபாய், அதாவது நகரத்துக்குச் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 100 கோடி. அதற்கு ஈடான தொகையை மாநிலமும் மாநகராட்சியும் போட வேண்டியிருந்தது. ஆனால் செலவு செய்தது மாநகராட்சி மன்றம் அல்ல. மாநில அரசும் மாநகராட்சியும் சம பங்கு வைத்துத் தொடங்கிய தனி நிறுவனம். கவுன்சிலரிடம் கேட்டால் கைவிரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலமுறை நீட்டிக்கப்பட்ட திட்டம் 2025 மார்ச் 31 அன்று முடிந்தது. எனவே இனிப் புதிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். முடிந்த வேலைகளின் கணக்கைக் கேட்கலாம்: அந்த நிறுவனம் அரசுக்குச் சொந்தமானது என்பதால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கும் பொருந்தும். டெண்டர் தொகை, ஒப்பந்ததாரர், பராமரிப்புக் காலம் ஆகிய மூன்றையும் தனித்தனிக் கேள்வியாக எழுதிக் கேளுங்கள்.