கிளியோபாட்ரா பார்த்த தூக்கம்

ஆக்டியம் கடற்போரில் தோற்று எகிப்து திரும்பிய கிளியோபாட்ராவுக்கு, அடுத்து என்ன நடக்கும் என்பது புரிந்துவிட்டது. ரோம் நகர வீதியில் கைதியாக ஊர்வலம் போவதைவிடச் சாவது மேல். ஆனால் வலிக்காமல் சாக வேண்டும். அதற்காக மரண தண்டனைக் கைதிகளுக்கு ஒவ்வொரு விஷமாகக் கொடுத்துப் பார்த்தார் என்று எழுதுகிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். வேகமாகக் கொல்லும் விஷங்கள் துடிதுடிக்க வைத்தன. துடிக்க வைக்காதவை இழுத்தடித்தன. கடைசியில் ஒரு பாம்பின் கடிதான் ராணிக்குப் பிடித்தது. இழுப்பு இல்லை, முனகல் இல்லை. முகத்தில் லேசாக வியர்வை, அப்புறம் ஒரு கிறக்கம். தட்டி எழுப்பினால், ஆழ்ந்து தூங்குபவர்களைப் போல எழ மறுத்தார்களாம்.

கிளியோபாட்ரா இறந்தது கி.மு. 30-ல். புளூட்டார்க் எழுதியது அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. உண்மையில் நடந்தது யாருக்கும் தெரியாது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். விஷம் கொடுத்து வேடிக்கை பார்க்கும் ராணி என்ற சித்திரம், அவரைத் தோற்கடித்த ரோமாபுரிக்கு ரொம்பவே வசதியானதும்கூட. ஆனாலும் கதையை நம்பாத எனக்கு, அந்த அறிகுறிகளின் வர்ணனை மேல் நம்பிக்கை உண்டு. எகிப்திய நாகம் கடித்து விஷம் ஏறிய ஒருவரை நேரில் பார்த்த யாரோ சொன்னது போலவே இருக்கிறது. தப்பு ஒன்றே ஒன்றுதான்: அது தூக்கம் அல்ல.

கையைத் தூக்க வேண்டும் என்று மூளை நினைத்தால், அந்தச் சேதி நரம்பு வழியாகத் தசை வரைக்கும் மின்சாரமாக வருகிறது. ஆனால் நரம்பு தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு ஓர் இடைவெளி. அதைத் தாண்டப் படகு வேண்டும். நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது. அது மறுகரையில் தசையின் மேல் இருக்கும் ஏற்பிகளில் போய் உட்கார்ந்ததும் தசை சுருங்குகிறது. உட்கார்ந்தவர் அங்கேயே குடியிருக்க முடியாது. ஒரு நொதி வந்து நொடியில் சிறு பங்குக்குள் அசிட்டைல்கோலினைச் சிதைத்துவிடும். இருக்கை காலி, அடுத்த சேதிக்குத் தயார்.

நாகத்தின் விஷம் இந்த இருக்கையில் துண்டு போட்டுவிடுகிறது. பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது போலத்தான். துண்டு எந்த வேலையும் செய்யாது, ஆனால் வேறு யாரும் உட்கார முடியாது. நரம்பு கூவுகிறது, தசைக்குக் கேட்கவில்லை. முதலில் கண் இமைகள் சரியும். பிறகு நாக்கு குழறும், விழுங்க முடியாது, கழுத்து தொங்கும். கடைசியில் மூச்சுத் தசைகள். விஷம் புரதம் என்பதால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. ஆக, இமை மூடி அசையாமல் கிடந்த அந்தக் கைதிகளுக்கு ராணி பேசியது காதில் விழுந்திருக்கும். பதில் சொல்லத்தான் தசை இல்லை. மூச்சு தளர்ந்து கரியமில வாயு ரத்தத்தில் சேர்ந்த பிறகே நிஜமான மயக்கம் வந்திருக்கும். அதற்கு முந்தைய நேரத்தை நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

அசையாதவருக்கு வலிக்காது என்ற கிளியோபாட்ராவின் கணக்கை, இருபதாம் நூற்றாண்டிலும் சில மருத்துவர்கள் போட்டார்கள். அதுவரை மயக்க மருந்து என்றால் பெரும்பாலும் ஈதர், குளோரோஃபார்ம் போன்றவைதான். ஈதர் 1846-ல் பாஸ்டன் நகரில் பலர் பார்க்க நிரூபிக்கப்பட்டது. வலியை மறைக்கக் கொஞ்சம் ஈதர் போதும். ஆனால் வயிற்றைத் திறக்க வயிற்றுத் தசை தளர வேண்டும், அதற்கு ஈதரை ஆபத்தான அளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. 1942 ஜனவரி 23 அன்று கனடாவின் மான்ட்ரியலில் மயக்கவியல் மருத்துவர் ஹெரால்ட் கிரிஃபித், குடல்வால் அறுவைக்கு வந்த ஓர் இளைஞருக்குக் குராரே கொடுத்தார். அமேசான் காட்டு வேட்டைக்காரர்கள் அம்பு நுனியில் தடவும் கொடிச்சாறு அது. நாக விஷம் துண்டு போடும் அதே இருக்கையில்தான் அதுவும் துண்டு போடுகிறது. தசை தளர்ந்தது, வேலை சுலபமானது.

சரி, குராரே மூளையையும் மயக்குமா? சந்தேகம் தீரவில்லை. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்து மயக்கவியல் மருத்துவர் ஸ்காட் ஸ்மித் தன் உடம்பிலேயே சோதித்தார். தசைகள் அனைத்தும் செயலிழக்கும் அளவுக்குமேல் மருந்தை ஏற்றச் சொல்லிப் படுத்துக்கொண்டார். சக மருத்துவர்கள் செயற்கையாக மூச்சு கொடுத்தார்கள். எழுந்த பிறகு நடந்ததையெல்லாம் ஒப்பித்தார். நினைவு ஒரு கணமும் தவறவில்லை, வலி உணர்வும் குறையவில்லை. 1947-ல் வெளியான அந்தக் கட்டுரையோடு விவாதம் முடிந்தது.

அதனால்தான் இன்றைய அறுவை அரங்கில் ஒரே மருந்தை நம்புவதில்லை. பால் போல வெள்ளையாக இருக்கும் புரோபோஃபால், மூளைச் செல்களை அடக்கும் சமிக்ஞையைப் பலப்படுத்தி நினைவை அணைக்கிறது. வலிக்கு ஃபென்டனில். தசைக்கு ரோக்குரோனியம் போன்ற தளர்த்தி, அதாவது துண்டு.

கிளியோபாட்ராவின் காலத்தை ஒட்டிய உலகிலேயே சரியான திசையில் ஒரு வழி இருந்தது. அவருக்கு அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடீஸ், மாண்ட்ரேக் வேரைத் திராட்சை மதுவில் காய்ச்சி, உடலை அறுக்கும் முன்பும் சூடு வைக்கும் முன்பும் குடிக்கக் கொடுக்கச் சொல்கிறார். நம் ஊமத்தை இருக்கிறதே, அதன் குடும்பம்தான் மாண்ட்ரேக். அதிலுள்ள ஸ்கோபொலமைன் மூளைக்குள் நிஜமாகவே போய், அங்குள்ள வேறு வகை அசிட்டைல்கோலின் ஏற்பிகளை அடைக்கும். அளவு சற்றுத் தவறினாலும் பிதற்றலும் மரணமும்தான் என்பதால் அது நிலைக்கவில்லை.

நம் ஊரில் இதே காட்சியைக் கட்டுவிரியன் காட்டுகிறது. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பெரும்பாலும் வலியே தெரியாது. காலையில் இமை திறக்காது. முற்றிப்போனவர்களில் சிலர் மூளைச்சாவு அடைந்தவர் போலவே கிடந்து, வென்டிலேட்டரில் சில நாள் வைத்த பிறகு எழுந்து வந்திருக்கிறார்கள்.

நாகக் கடிக்கு விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் ஊசியும் போடுவது உண்டு. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது முடக்கும். கூட்டம் பெருகிப் பெருகித் துண்டை ஓரம் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடும். அறுவை முடிந்ததும் தசைத் தளர்த்தியின் வேலையை முறிக்கப் பல இடங்களில் போடும் ஊசியும் இதே நியோஸ்டிக்மின்தான். போட்ட பிறகு மயக்கவியல் மருத்துவர் குனிந்து, “கண்ணைத் திறங்க, தலையைத் தூக்குங்க, என் கையை இறுக்கிப் பிடிங்க” என்பார். கேட்கிறதா என்று மட்டும் அவர் பார்ப்பதில்லை. கேட்ட பிறகு அந்தக் கை இறுகுகிறதா என்று பார்க்கிறார்.