முதலில் பழைய ரசீது, அப்புறம்தான் வெப்சைட்

குரோம்பேட்டை பக்கம் பதினோரு வருடமாக ஈ-சேவை மையம் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், பான் கார்டு, பரீட்சைக்கு அப்ளிகேஷன் என்று வருடம் முழுக்க ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஏப்ரலும் அக்டோபரும் வந்துவிட்டால் வேறு வேலையே கிடையாது, சொத்து வரிதான். வருகிறவர் கையில் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய போன் இருக்கும், அதில் படம் பார்ப்பார், பேரனுக்கு பணம் அனுப்புவார், ஆனால் மாநகராட்சி வெப்சைட்டைத் திறந்தால் மட்டும் கை கட்டிக்கொண்டு என் கடைக்கு வந்துவிடுவார். "எனக்கு கம்ப்யூட்டர் வராதுப்பா" என்பார். கம்ப்யூட்டர் வராதது காரணமில்லை. தன் வீடு எந்த உள்ளாட்சியில் இருக்கிறது, அந்த உள்ளாட்சி தன் வீட்டுக்கு என்ன எண் கொடுத்திருக்கிறது, இந்த இரண்டும் தெரியாமல் உட்கார்ந்தால் மென்பொருள் எழுதுகிறவருக்கும் அந்த வெப்சைட் வழிவிடாது. நிஜமாகவே மென்பொருள் எழுதுகிறவர்கள் வந்து நின்றிருக்கிறார்கள்.

சிட்லபாக்கத்திலிருந்து ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற வாத்தியார். மஞ்சப்பையில் காகிதக் கட்டு. "தம்பி, சென்னை கார்ப்பரேஷன் வெப்சைட்ல ரெண்டு நாளா தேடறேன், என் வீடே இல்லைங்கறான்" என்றார்.

"அய்யா, உங்க வீடு சென்னை கார்ப்பரேஷன்லயே இல்லையே."

கோபம் வந்துவிட்டது. "நாப்பது வருஷமா எனக்கு சென்னை-64ன்னுதான் லெட்டர் வருது!"

லெட்டர் வரும். பின்கோடு தபால்காரருடைய கணக்கு, அதற்கும் வரிக்கும் சம்பந்தமில்லை. சென்னை-44, சென்னை-64, சென்னை-75 என்று முகவரி எழுதுகிற குரோம்பேட்டை, சிட்லபாக்கம், பம்மல் எல்லாம் தாம்பரம் மாநகராட்சி. அது 2021 நவம்பரில்தான் உருவானது. அதற்கு முன் பல்லாவரம், தாம்பரம், செம்பாக்கம், அனகாபுத்தூர், பம்மல் என்று ஐந்து நகராட்சிகளாகவும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்று ஐந்து பேரூராட்சிகளாகவும் தனித்தனியாக இருந்தது. வாத்தியார் பையில் இருந்த ரசீதெல்லாம் பேரூராட்சி காலத்து ரசீது. அதிலிருந்த எண்ணைத்தான் இரண்டு நாளாக வேறொரு மாநகராட்சியின் வெப்சைட்டில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார். எப்படிக் கிடைக்கும்?

சென்னைக்குள்ளேயே இருப்பவர்களுக்கும் இந்தக் குழப்பம் உண்டு. 2011இல் சுற்றியிருந்த 42 உள்ளாட்சிகளைச் சேர்த்துத்தான் சென்னை மாநகராட்சி 15 மண்டலம், 200 வார்டு ஆனது. அதற்கு முந்தைய ரசீதை வைத்துக்கொண்டு தேடினால் வார்டு எண் ஒத்துப்போகாது. அங்கே சொத்து வரி எண் என்பது நான்கு துண்டு: மண்டலம், வார்டு, பில் எண், துணை எண். நான்கையும் நான்கு கட்டத்தில் தனித்தனியாகப் போட வேண்டும்.

மற்ற மாநகராட்சி, நகராட்சிகளுக்கெல்லாம் வரி கட்டும் இடம் பொதுவான ஒன்று. நகராட்சி நிர்வாக இயக்ககத்தின் 'டிஎன் அர்பன் ஈபே' தளம். உங்கள் ஊர் நகராட்சிக்குத் தனியாக ஒரு வெப்சைட் இருக்கும், அதில் ஆணையர் படம், பூங்கா படம், டெண்டர் அறிவிப்பு எல்லாம் இருக்கும், ஆனால் வரி கட்ட அழுத்தினால் கடைசியில் இந்தப் பொதுத் தளத்துக்குத்தான் கொண்டுபோய் விடும். அதனால் நேரே அங்கேயே போய்விடலாம். கிராம ஊராட்சி என்றால் அது ஊரக வளர்ச்சித் துறை, அவர்களுக்கு வீட்டு வரி கட்ட வேறு தளம். நம் ஊர் நகராட்சி எல்லையை ஒட்டியிருக்கும் மனைகளை வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்று இருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, உள்ளாட்சி தெரிந்துவிட்டது. அடுத்தது எண். எண் என்றால் ஒன்று கிடையாது. சொத்து வரிக்கு ஒரு எண், குடிநீர்க் கட்டணத்துக்கு ஒரு எண், பாதாளச் சாக்கடைக்கு ஒரு எண், கடை வைத்திருந்தால் தொழில் வரிக்கு ஒரு எண். குடிநீர் எண்ணைச் சொத்து வரிக் கட்டத்தில் போட்டுவிட்டு "வெப்சைட் ஒர்க் ஆகலை" என்று சொல்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். சென்னைக்குள் இருந்தால் இன்னொரு முடிச்சு. குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சியே கிடையாது, 1978லிருந்து குடிநீர் வாரியம் தனி நிறுவனம், அதற்குத் தனி வெப்சைட், தனி நுகர்வோர் எண். மாநகராட்சித் தளத்தில் தண்ணீர் வரியைத் தேடித் தேடிக் கண் வலித்ததுதான் மிச்சம் என்று ஒரு அக்கா சொன்னார்.

பழைய ரசீதில் பழைய எண்தான் இருக்கிறது, புது எண் தெரியாது என்றால் பயப்பட வேண்டாம், பழைய எண்ணை வைத்துத் தேடும் வழி ஈபே தளத்திலேயே இருக்கிறது. எண் போட்டதும் பெயர், கதவு எண், தெரு என்று வரும். இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள், தயவுசெய்து நில்லுங்கள். வருகிற பெயரைப் படிக்காமல் பணம் கட்டுகிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். எனக்குத் தெரிந்த ஒருவர், ஊர் பேர் வேண்டாம், கடைசி இலக்கத்தை மாற்றி அடித்து எதிர்வீட்டுக்காரருடைய இரண்டு அரையாண்டு வரியைக் கட்டிவிட்டார். ரசீதை பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்தும்விட்டார். அடுத்த ஏப்ரலில் தன் பெயரில் பாக்கி என்று நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரரோ "என் வரி கட்டியாச்சுன்னு காட்டிச்சு, பையன் கட்டியிருப்பான்னு நினைச்சேன்" என்று அப்பாவியாகச் சொன்னாராம். அலுவலகத்தில் மனு கொடுத்துச் சரிசெய்ய நடையாய் நடந்தார். இரண்டு வீட்டுக்கும் இன்றைக்கும் பேச்சு கொஞ்சம் கம்மிதான்.

பெயர் விஷயத்தில் இன்னொன்று. வீடு வாங்கிப் பத்திரம் பதிந்து நான்கு வருடம் ஆகியிருக்கும், வரி இன்னும் விற்றவர் பெயரிலேயே வரும். பத்திரப் பதிவு, பட்டா, சொத்து வரி, கரண்ட் கனெக்‌ஷன், எல்லாம் ஒரே வீடு, ஆனால் நான்கு அலுவலகம். பத்திரம் சார்பதிவாளரிடம். பட்டா வருவாய்த் துறை. வரிக்குப் பெயர் மாற்றுவது உள்ளாட்சி. கரண்ட் மின்வாரியம். சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், பத்திர நகல், கடைசி வரி ரசீது இரண்டையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். விண்ணப்பிக்கும் முன் பழைய பாக்கி ஏதாவது நிற்கிறதா பாருங்கள், நின்றால் விண்ணப்பமும் நிற்கும்.

இப்போது ஒரு குற்ற ஒப்புதல். ஆரம்ப காலத்தில் ஓடிபி தொல்லை வேண்டாமென்று எல்லா வாடிக்கையாளருக்கும் என் செல் நம்பரையே போட்டுவிடுவேன். வேலை சீக்கிரம் முடியும், அவர்களும் சந்தோஷமாகப் போவார்கள். இன்றைக்கும் யார் யாருடைய வீட்டு வரிச் செய்தியோ எனக்கு வந்துகொண்டிருக்கிறது. அது தப்பு. உங்கள் நம்பரைப் பதியாவிட்டால் நோட்டீஸும் வராது, ரசீதும் வராது, அடுத்த முறை லாகின் செய்ய ஓடிபி உங்கள் கைக்கு வராது. எந்த மையத்துக்குப் போனாலும், என் கடையாகவே இருந்தாலும், "என் நம்பரைப் போடுங்க" என்று சொல்லுங்கள். வீட்டில் குடியிருப்பவர் நம்பரையும் போடாதீர்கள். அவர் காலி செய்துவிட்டுப் போனால் நம்பரும் கூடவே போய்விடும்.

பணம் பிடித்துவிட்டது, ரசீது வரவில்லை என்பது அடுத்த பெரிய பயம். உடனே திரும்பக் கட்டாதீர்கள். வங்கியிலிருந்து வந்த மெசேஜில் இருக்கும் பரிவர்த்தனை எண்ணை ஒரு பேப்பரில் எழுதுங்கள், அப்படியே ஸ்கிரீன்ஷாட்டும் எடுங்கள், மறுநாள் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கணக்கில் ஏறியிருக்கும், அல்லது பணம் திரும்பியிருக்கும். யுபிஐயில் கட்டி எதிர்ப்பக்கத்துக்கு உறுதி போகாமல் நின்றிருந்தால் ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019லேயே விதி போட்டிருக்கிறது. வங்கியில் போய் இதைச் சொல்லிக் கேட்டால் பேச்சின் தோரணையே மாறும்.

போலி வெப்சைட் பற்றிச் சொல்ல வேண்டும். கூகுளில் ஊர் பெயர் போட்டுத் தேடினால் மேலே வருவதெல்லாம் அரசுத் தளம் இல்லை, சிலது விளம்பரம், சிலது உங்கள் விவரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் தளம். முகவரி முடிகிற இடத்தில் டாட் ஜிஓவி டாட் இன் என்று இருக்கிறதா பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் இதிலும் ஒரு சிக்கல்: நம் மாநிலத்தின் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் தளமே பல வருடமாக டாட் ஓஆர்ஜி என்று முடிகிற முகவரியில் ஓடியது. அரசே இப்படி வைத்தால் ஜனங்கள் என்னதான் செய்வார்கள்? அதனால் நான் சொல்வது, கூகுளிலிருந்து போகாதீர்கள், உள்ளாட்சித் துறையின் அரசுத் தளத்தைத் திறந்து அதற்குள் இருக்கும் இணைப்பை அழுத்திப் போங்கள்.

பிறப்புச் சான்றிதழ் என்றதும் ஞாபகம் வருகிறது. போன மாதம் ஒரு தம்பதி, குழந்தைக்கு ஸ்கூல் சேர்க்க வேண்டும், எங்கள் பக்கத்துத் தளத்தில் எத்தனை தேடியும் பதிவு இல்லை. "பிரசவம் எங்கம்மா?" என்றேன். "அம்மா வீட்டுல, கும்பகோணம்." முடிந்தது கதை. பிறப்பு எங்கே நடந்ததோ அந்த ஊரில்தான் பதிவு, அப்பா அம்மா எங்கே குடியிருக்கிறார்கள் என்பது கணக்கே இல்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற நம் ஊரில் இது தெரியாமல் அலைகிறவர்கள் ஏராளம். இறப்புக்கும் அப்படியே. தாம்பரத்துக்காரர் சென்னை ஆஸ்பத்திரியில் இறந்தால் சான்றிதழ் சென்னை மாநகராட்சியில். பிறந்த 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் வைக்காமல் பதிந்திருந்தால் ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன் பிறகு 15 வயது வரை தாமதக் கட்டணத்தோடு. கர்ப்ப காலத்தில் செவிலியர் கொடுத்த பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பப் பதிவு எண்ணை, தொலைக்காதீர்கள், அது இல்லாமல் பதிவில் இழுபறிதான்.

புகார் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் உள்ளாட்சி, கம்பி தொங்குகிறது என்றால் மின்வாரியம். உங்கள் தெருவில் குழி என்றால் உள்ளாட்சி, ஜிஎஸ்டி ரோடு மாதிரி நெடுஞ்சாலையில் குழி என்றால் நெடுஞ்சாலைத் துறை. குப்பை, விளக்கு, நாய், சாக்கடை என்று நான்கையும் ஒரே புகாரில் எழுதினால் யாரோ ஒரு பிரிவுக்குப் போய், அவர் தன் பங்கை மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடுவார். ஒரு விஷயத்துக்கு ஒரு புகார், போட்டோவோடு, பக்கத்துக் கதவு எண்ணோடு. சென்னைக்குள் 1913க்குப் போன் செய்தாலும் பதிவார்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வேலை நடக்காமலே "முடிக்கப்பட்டது" என்று வந்தால் முதல்வரின் முகவரி 1100 இருக்கிறது, பழைய புகார் எண்ணைச் சொல்லி அங்கே போடுங்கள்.

உள்ளாட்சி வெப்சைட்டில் யாரும் திறக்காத ஒரு மூலை உண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டக் கையேடு. 2005 சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி எந்த அதிகாரிக்கு என்ன வேலை, என்ன அதிகாரம் என்று ஒவ்வொரு அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டும். சிலர் பழைய கையேட்டையே வருடக்கணக்கில் தொங்கவிட்டிருப்பார்கள், பெயர்கள் மாறியிருக்கும், ஆனால் எந்தப் பிரிவு எதைக் கவனிக்கிறது என்பது பெரிதாக மாறாது. கவுன்ட்டர் கவுன்ட்டராக அலைவதற்கு முன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனால் "இங்க இல்லை, மேல போங்க" என்பது பாதி குறையும்.

வாத்தியார் கதைக்கு வருகிறேன். ஈபே தளத்தில் தாம்பரத்தைத் தேர்ந்தெடுத்து, அவருடைய பேரூராட்சி காலத்து எண்ணைப் போட்டதும் வீடு வந்துவிட்டது. பெயர், கதவு எண், தெரு எல்லாம் சரி. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார். இன்ஷியலை மட்டும் தப்பாகப் போட்டிருந்தார்கள். "இதை எப்படி விடறது" என்று வரி கட்டுவதையே நிறுத்திவிட்டார், வாத்தியார் இல்லையா. இன்ஷியலுக்குத் தனியாக மனு போடலாம், இன்றைக்கு வரியைக் கட்டிவிடுவோம் என்று சமாதானம் சொன்னேன். அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 30க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும், அதிகபட்சம் 5000 ரூபாய் வரை. அன்றைக்குத் தேதி அக்டோபர் 30. கழிவைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. ரசீதை இரண்டு பிரதி கேட்டார், ஒன்றை மஞ்சப்பையில் பேரூராட்சி ரசீதுகளுக்கு மேலே வைத்தார், இன்னொன்றின் பின்பக்கத்தில் என் பேனாவை வாங்கி புது எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, "இதை பீரோ கதவுல ஒட்டணும்" என்றார்.