பூதக்கண்ணாடியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடியுங்கள்

மாக்குலா சிதைவு வந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் பூதக்கண்ணாடி ஒன்று மேசை டிராயரில் சும்மா கிடப்பதைப் பார்க்கலாம். "இதுல ஒண்ணும் தெரியல" என்று இரண்டே நாளில் ஒதுக்கியிருப்பார்கள். பல நேரம் கோளாறு லென்ஸில் இல்லை, பிடித்த விதத்தில்.

விழித்திரையின் நடுப்பகுதிக்குப் பெயர் மாக்குலா. அதன் மையத்தில் சுமார் 1.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சின்னக் குழி. எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் இந்த இடத்தை நம்பித்தான். மாக்குலா சிதைவில் கெடுவது இந்த நடுப்பகுதி. ஓரங்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால்தான் எதிலும் இடித்துக்கொள்ளாமல் வீட்டுக்குள் நடக்கிறவர், எதிரே நிற்கும் மருமகளைக் குரலை வைத்துக் கண்டுபிடிக்கிறார். நடிக்கிறார் என்று வீட்டிலேயே சந்தேகப்படுவதும் உண்டு, பாவம்.

சரி, மிச்சமிருக்கும் ஓரத்தை வைத்துப் படிக்க முடியாதா? முடியும். ஆனால் மையத்திலிருந்து 5 பாகை விலகினாலே கூர்மை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். 10 பாகையில் ஐந்தில் ஒரு பங்கு. எழுத்து அதே விகிதத்தில் பெரிதானால்தான் ஓரத்துக்குப் புரியும். பூதக்கண்ணாடியின் வேலை இவ்வளவுதான். கெட்ட இடத்தை அது சரிசெய்யாது.

20 டையாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு) லென்ஸ் சுமார் 5 மடங்கு பெரிதாக்கும். அதன் குவியத் தூரம் 5 சென்டிமீட்டர், ஆகவே தாளிலிருந்து அவ்வளவு தள்ளிப் பிடிக்க வேண்டும். கண் எங்கே இருக்கிறது என்பதில்தான் விஷயமே. 4 சென்டிமீட்டர் அகல லென்ஸிலிருந்து கண் 20 சென்டிமீட்டர் தள்ளியிருந்தால், தாளில் தெரிவது 1 சென்டிமீட்டர் அகலம். செய்தித்தாளில் அது மூன்று நான்கு எழுத்து. 'அறிவிக்கப்பட்டிருக்கிறது' மாதிரி ஒரு சொல்லைத் துண்டு துண்டாகப் படித்துச் சேர்ப்பதற்குள் முன்பாதி மறந்துபோகும். அதே லென்ஸைக் கண்ணிலிருந்து 5 சென்டிமீட்டரில் பிடித்துத் தாளையும் முகத்தருகே கொண்டுவந்தால் 4 சென்டிமீட்டர் தெரியும். எழுத்தின் பெருக்கம் மாறுவதில்லை, ஜன்னல்தான் அகலமாகிறது. இப்படிப் பிடிக்கும்போது வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தூரப்பார்வைக் கண்ணாடி இருந்தால் அதைப் போட வேண்டும்.

அடுத்தது, ஓரத்தால் பார்க்கப் பழகுவது. கண்ணுக்கு ஆயுள் முழுக்க ஒரே பழக்கம்: எதைப் பார்க்க வேண்டுமோ அதை நோக்கி மையத்தைத் திருப்பும். இப்போது அங்கேதான் இருட்டு. பயிற்சியாளர் ஒரு கடிகார முகப்பைக் காட்டி 12, 2, 4 என்று ஒவ்வோர் எண்ணாகப் பார்க்கச் சொல்வார். எந்த எண்ணைப் பார்க்கும்போது நடுவில் வைத்த எழுத்து தெளிகிறதோ, அந்தத் திசைக்குக் கண்ணைத் திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். அப்புறம் கண்ணை அதே நிலையில் நிறுத்திவிட்டுத் தாளை நகர்த்திப் படிப்பது. இதற்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். லென்ஸை மட்டும் விற்று அனுப்பிவிட்டால் பாதி வேலைகூட முடிந்ததாகாது என்பேன்.

ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய் உள்ளவருக்குக் கதை தலைகீழ். ஓரம் முதலில் போய், பார்வை குழாய்போல் குறுகிவிடும். மையம் நன்றாக இருக்கும்போது அவருக்கு அதிகப் பெருக்கம் கொடுத்தால், எழுத்து அந்தக் குழாயைத் தாண்டி வழிந்துவிடும். அவருக்கு உதவுவது நல்ல வெளிச்சம், கண்கூச்சத்தைக் குறைக்கும் ஆம்பர் நிறக் கண்ணாடி, இரவில் டார்ச், நடக்க வெள்ளைக் கோல். பக்கத்து வீட்டுக்காரரின் பூதக்கண்ணாடியை இரவல் வாங்கிப் பார்ப்பது ஏன் வீண் என்பது இதில் தெரியும்.

"இனி செய்ய ஒன்றுமில்லை" என்று விழித்திரை மருத்துவர் சொன்னால், அது பெரும்பாலும் மருந்தையும் அறுவையையும் பற்றிய பேச்சு. மிச்சமிருக்கும் பார்வையைப் பயன்படுத்த உதவும் குறைபார்வை சிகிச்சைப் பிரிவு வேறு. சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் போன்ற மருத்துவமனைகளில் அது இருக்கிறது. போகும்போது வழக்கமாகப் படிக்கும் செய்தித்தாள், மாத்திரை அட்டை, பாஸ்புக், வீட்டில் கிடக்கும் அந்தப் பழைய பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப்போங்கள். எந்த லென்ஸ் ஒத்துவரும் என்று அவற்றை வைத்தே அங்கே பார்த்துவிடலாம்.