சிகார் என்றால் சுருட்டுதான்

'சிகார்' என்பதற்குப் புதிதாகக் கலைச்சொல் ஆக்க வேண்டியதில்லை. சுருட்டு என்ற சொல் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. 'பாயைச் சுருட்டு' என்கிறோமே, அந்த வினையே பெயராகி நிற்கிறது. போர்த்துக்கீசர் இதைத் தங்கள் வாய்க்கு ஏற்ப 'ஷரூத்து' ஆக்கிக்கொண்டார்கள். லிஸ்பனிலும் பிரேசிலிலும் கியூபச் சுருட்டுக்கு இன்றும் அதுவே பெயர். ஆங்கிலத்தின் 'ஷெரூட்' பிறந்ததும் இதிலிருந்துதான். உலகம் கடன் வாங்கிய நம் சொல்லை நாமே கைவிட்டு 'சிகார்' என்று எழுதுவது பெரும் இழப்பு.

சிகார், ஸ்பானிய மொழியின் 'சிகார்ரோ'விலிருந்து வந்தது. புகைத்தலைக் குறிக்கும் மாயா மொழிச் சொல்லே அதன் வேர் என்பது பெரும்பாலோர் கருத்து. 1492 நவம்பரில் கொலம்பஸின் ஆட்கள் இருவர், இலையைச் சுருட்டிப் பற்றவைத்துப் புகைத்த தாயினோ என்ற பழங்குடி மக்களைக் கியூபாவில் பார்த்தார்கள். சிகரெட் என்றால் 'சின்னச் சிகார்'. வெண்சுருட்டு என்ற தமிழாக்கமும் அதே வழியில் அமைந்தது. கியூபாக்காரர்கள் பேச்சில் சொல்வது 'தபாகோ' அல்லது 'பூரோ'.

ஒரு வேறுபாடு மட்டும் நினைவில் இருக்கட்டும். ஷெரூட் இருமுனையும் திறந்தது. கியூபச் சுருட்டின் வாய்முனையை ஒரு சிறு இலைத்துண்டு மூடியிருக்கும். அதைக் குல்லாய் எனலாம். சுருட்டின் மூன்று அடுக்குகளுக்கு ஸ்பானியப் பெயர்கள் காப்பா, கப்போத்தே, திரிப்பா. காப்பா என்றால் போர்வை, திரிப்பா என்றால் குடல். தமிழில் மேலிலை, கட்டிலை, உள்ளிலை என்றால் பொருள் தெளிவாகிவிடும். உள்ளிலையிலும் வகை உண்டு: செடியின் அடியிலை நன்றாக எரியும், நடுவிலை மணம் தரும், உச்சியிலை காரம் தரும். உச்சியிலை மெதுவாக எரிவதால் அதைச் சுருட்டின் நடுவில் வைப்பார்கள். ஓரமாக வைத்தால் ஒருபக்கம் மட்டும் எரிந்துகொண்டு போகும்.

அதிகம் குழம்புவது 'ஏஜிங்' என்ற சொல்லில். இதைப் 'பதப்படுத்துதல்' என்று எழுதுகிறார்கள், அது தவறு. இலையை உலர்த்தி, அடுக்கி, புழுங்க வைத்துப் பக்குவம் செய்வது சுருட்டுவதற்கு முந்தைய வேலை. அதற்குப் 'பாடம் செய்தல்' என்ற பழைய சொல் உண்டு. சுருட்டிய பின் பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது முதிர்வு. புதுச் சுருட்டை முகர்ந்தால் அம்மோனியா மூக்கில் ஏறும். முதிர முதிர அது வெளியேறி, அடுக்குகளின் மணம் ஒன்றோடொன்று கலக்கும். கியூபச் சுருட்டுப் பெட்டியின் அடியில், பெட்டியில் அடைத்த நாளைக் காட்ட, ஸ்பானிய மாதப்பெயரின் முதல் 3 எழுத்தும் ஆண்டின் கடைசி 2 இலக்கமும் குத்தியிருக்கும். முதிர்வை அங்கிருந்து கணக்கிடுங்கள், வாங்கிய நாளிலிருந்து அல்ல.

முதிர்வுப் பெட்டி செய்யும் மரத்தை 'ஸ்பானிய சீடர்' என்பார்கள். இதைத் தேவதாரு என்று மொழிபெயர்க்கக் கூடாது. அது நம் வேம்பின் குடும்பத்து மரம். பெட்டிக்குள் ஈரப்பதம் 65 விழுக்காட்டை ஒட்டியும் வெப்பம் 16 முதல் 18 பாகை செல்சியஸ் வரையும் இருக்கட்டும். ஈரம் 70ஐத் தாண்டினால் இழுவை அடைபடும், பூசணமும் வரும். 60க்குக் கீழே போனால் மணம் போய், மேலிலை வெடிக்கும். ஈரப்பதம் காட்டும் ஈரமானியை நம்புமுன் சோதியுங்கள்: ஒரு மூடியில் உப்பைச் சில சொட்டு நீரால் நனைத்து, மானியோடு காற்றுப்புகாத பையில் 12 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். ஈரமூட்டக் குழாய்நீர் வேண்டாம், காய்ச்சி வடித்த நீரே சரி.

வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது ஆபத்து. இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிந்துவிடும். மேலிலையில் ஊசியால் குத்தியதுபோல் வட்டத் துளை தெரிந்தால் அதுதான். பெட்டி முழுவதையும் பையிலிட்டு இறுக மூடி, குளிர்பெட்டியில் 1 நாள், உறைபெட்டியில் 3 நாள், மறுபடி குளிர்பெட்டியில் 1 நாள் வைத்து வெளியே எடுங்கள். இடைப்படியைத் தவிர்த்தால் மேலிலை பிளக்கும்.

சுருட்டுப் பிடிக்கும்போது குல்லாயில் 2 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். குல்லாயின் விளிம்பைத் தாண்டி வெட்டினால் மேலிலை பிரிந்து வந்துவிடும். பெட்ரோல் லைட்டரின் வாடை இலையில் ஏறும். தீக்குச்சியோ பியூட்டேன் சுடரோ நல்லது. சுடர் படாமல், சற்றே மேலே பிடித்து உருட்டி, முனை முழுதும் கனிந்த பிறகே இழுக்க வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும்; வேகம் கூடினால் சூடேறிக் கசக்கும். புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. ஆனாலும் அந்தப் புகை காரத்தன்மை உடையது, நிகோட்டின் வாயின் உட்புறம் வழியாகவே உடலில் ஏறும். வாய், தொண்டைப் புற்றுக்கும் அது காரணமாகும். முடிந்ததும் நசுக்காதீர்கள், நசுக்கினால் நாற்றம்தான் மிஞ்சும். சாம்பல் தட்டில் கிடத்தினால் தானாக அணையும்.