சிற்றினம் சொல்வதும் சொல்லாததும்

மனித இனத்தில் பிறந்தோம் என்பதால் மட்டும்தான் நமக்கு மதிப்பும் உரிமையும் வந்தனவா? ஆமாம் என்றால், உயிரியல் அந்த இன எல்லையை எப்படி வகுக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் தந்த வரையறையைத்தான் பாடப்புத்தகங்கள் இன்றும் சொல்கின்றன: தமக்குள் கலந்து இனப்பெருக்கம் செய்து, பிற கூட்டங்களோடு கலக்காமல் இருக்கும் கூட்டமே ஒரு சிற்றினம். யார் யாரோடு சேர்ந்து சந்ததி உண்டாக்குகிறார்கள் என்பதே இதில் கணக்கு. வலி, அன்பு, அறிவு எதற்கும் இடமில்லை.

அந்த எல்லையும் பல இடங்களில் கலங்கலாகத்தான் இருக்கிறது. நம் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அழிந்துபோன மனித வகையான நியாண்டர்தால் மனிதர்களின் மரபணுத்தொகுதி 2010-இல் வெளியானபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட மக்களின் டிஎன்ஏவில் சுமார் 2 சதவீதம் அவர்களிடமிருந்து வந்தது தெரிந்தது. 2018-இல் இன்னும் வியப்பான செய்தி வந்தது. சைபீரியாவின் டெனிசோவா குகையில் கிடைத்த ஓர் எலும்புத் துண்டு, ஏறத்தாழ 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண்பிள்ளை ஒருத்தியுடையது. தாய் நியாண்டர்தால், தந்தை டெனிசோவன் எனப்படும், அழிந்துபோன இன்னொரு மனித வகையைச் சேர்ந்தவர். அவள் எந்தச் சிற்றினம்? ஆய்வாளர்கள் வாதிடலாம். ஆனால் அவள் கால் முறிந்து துடித்திருந்தால் உதவியிருக்க வேண்டுமா என்று கேட்டால், அந்த வாதம் முடியும்வரை யாரும் காத்திருக்க மாட்டோம்.

மறுபக்கம் ஹீலா செல்கள். 1951-இல் ஒரு பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்டு, இன்றும் ஆய்வகங்களில் பெருகுகின்றன. உயிர் உண்டு, மனித டிஎன்ஏ உண்டு. ஆனால் அந்தத் தட்டில் துன்பப்பட ஒருவரும் இல்லை.

அப்படியானால் தேட வேண்டியது உணர்வைத்தான். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சுட்டதும் விலகுவது போதாது, அது வெறும் அனிச்சைச் செயலாக இருக்கலாம். அதனால் ஆய்வாளர்கள் நடத்தையில் ஏற்படும் மாற்றத்தைப் பார்க்கிறார்கள். 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆக்டோபஸ்களுக்கு எரிச்சலூட்டும் அமிலத்தை ஊசியால் செலுத்தி ஓர் அறையில் விட்டார்கள். பிறகு அவை அந்த அறையைத் தவிர்த்தன. வலிமரப்பு மருந்து கிடைத்த அறையையோ நாடிச் சென்றன. நடந்ததை நினைவில் வைத்து, அடுத்து எங்கே போவது என்று தேர்ந்தெடுக்கிற உயிரை வெறும் எந்திரம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனின் 2022 விலங்குநலச் சட்டம் ஆக்டோபஸ், நண்டு ஆகியவற்றையும் உணர்வுள்ளவையாக ஏற்கிறது.

உணர்வுள்ள உயிர் வேறு, சட்டம் உரிமை தரும் 'நபர்' வேறு. நிறுவனங்கள் நபர்கள், நியூசிலாந்தின் வாங்கனுய் ஆறு 2017 முதல் சட்டப்படி நபர். ஹேப்பி என்ற யானைக்கோ அந்தத் தகுதியை நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2022-இல் 5-2 என்ற கணக்கில் மறுத்துவிட்டது.

சரி, உணர்வையும் திறனையும் அளக்கத் தொடங்கினால் பச்சிளங்குழந்தைகளும் மனவளர்ச்சி குன்றியவர்களும் கீழே தள்ளப்படுவார்களே என்று சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான பயம்தான். மதிப்புக்கு அளவுகோல் புத்திசாலித்தனம் என்றால் அது நடந்தே தீரும். ஆனால் துன்பப்பட மொழியோ கணக்கோ வேண்டியதில்லை. குழந்தைக்கு வலிக்கிறது, நினைவிழந்த முதியவருக்கும் பயம் வருகிறது. மீளா மயக்கத்தில் இருப்பவர் விஷயத்தில் இந்த அளவுகோல் திணறுவது உண்மை. அங்கே அவர் முன்பு வெளிப்படுத்திய விருப்பமும் அவரை நேசிப்பவர்களின் உறவும் நம்மைக் கட்டுப்படுத்துகின்றன. அதற்கும் அவருடைய சிற்றினம் எது என்று கேட்க வேண்டியதில்லை.