இரவுப் பணிக்காரரிடம் கேட்டீர்களா?

முதியோர் இல்லத்தில் அதிகாலை 3 மணி. ஒரு பாட்டி எழுந்து உட்கார்ந்து, என்றோ இறந்துபோன கணவரைக் கூப்பிடுகிறார். விளக்கைப் போட்டால் பதற்றம் கூடும். கையைப் பிடித்தபடி அந்தக் கணவரைப் பற்றியே பேச்சுக் கொடுத்தால் சற்று நேரத்தில் கண்ணயர்ந்துவிடுவார். இது இரவுப் பணி ஊழியருக்குத்தான் தெரியும். காலையில் வரும் செவிலியர் பார்ப்பது அயர்ந்து தூங்கும் பாட்டியை.

முதியோர் பராமரிப்பை ஆராய்பவர்கள் இந்த ஊழியரைத் தேடிப் பிடித்தாக வேண்டும். குலுக்கல் முறையில் அவர் தானாகக் கிடைத்துவிடமாட்டார். 100 ஊழியர்களில் 5 பேர் மட்டும் நிரந்தர இரவுப் பணி என்று வைத்துக்கொள்வோம். 12 பேரைக் குலுக்கி எடுத்தால், அந்த ஐவரில் ஒருவர்கூட வராமல் போக 52 சதவீத வாய்ப்பு உண்டு! 'எத்தனை பேர்' என்று எண்ணும் பெரிய கணக்கெடுப்புக்குக் குலுக்கல்தான் சரி. 'எப்படி, ஏன்' என்று சிலரிடம் விரிவாகக் கேட்கும் நேர்காணலுக்கு, வேறுபட்டவர்களை வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கிறார்கள்.

முதலில் ஓர் அட்டவணை போடுவார்கள். ஒரு பக்கம் வேலை: செவிலியர், பராமரிப்பு உதவியாளர், சமையல், துப்புரவு. மறுபக்கம் பகலா இரவா, புதியவரா பழையவரா என்பது. எல்லாக் கட்டமும் நிரம்ப வேண்டியதில்லை. காலியாக நிற்கும் கட்டம், அடுத்து யாரைத் தேட வேண்டும் என்று காட்டும். நேர்காணல்களில் தற்காலிக ஊழியர்களைப் பற்றிய பேச்சு அடிக்கடி வந்தால், அவர்களுக்கும் ஒரு வரிசை சேரும். எந்த விதத்திலும் ஒத்துப்போகாத இருவர், சமையற்காரரும் இரவுச் செவிலியரும், ஒரே குறையைச் சொன்னால் அது ஒருவரின் தனிப்பட்ட மனக்குறையாக இருக்க வாய்ப்பு குறைவு.

என் பார்வையில் பெரிய ஆபத்து மேலாளரின் பரிந்துரை. "இவர் நன்றாகப் பேசுவார்" என்று அவர் கைகாட்டுபவர் பெரும்பாலும் நிர்வாகத்தோடு இணக்கமானவர். யார் பேசினார்கள் என்பது மேலிடத்துக்குத் தெரிந்தால் மற்றவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். அழைப்பு ஊழியருக்கு நேராகப் போக வேண்டும். அவருடைய ஷிஃப்ட்டுக்கு ஏற்ற நேரத்தில் பேச வேண்டும்.

எத்தனை பேர் போதும்? கானா, நைஜீரியா பெண்களிடம் எடுத்த 60 நேர்காணல்களை அலசி 2006இல் வெளியான ஆய்வில், பெரும்பாலான கருத்துகள் முதல் 12 நேர்காணல்களிலேயே வந்துவிட்டன. ஆனால் அந்தப் பெண்கள் ஓரளவு ஒரே மாதிரியானவர்கள். பலதரப்பட்டவர்கள் வேலை செய்யும் இல்லத்தில் 12 பேரோடு நிறுத்திவிட முடியாது. புதிதாக எதுவும் வரவில்லை என்று தோன்றும்போது, இரவு வரிசை இன்னும் காலியாக இருக்கிறதா என்று அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.